பாலும் சோயாவும் இல்லாத மூன்றாவது வாரம்

கைக்குழந்தைக்குப் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்ற ஐயத்தில், தாய்ப்பால் கொடுக்கும் நானும் பால், சோயா இரண்டையும் விலக்கிப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி இன்றோடு மூன்று வாரங்கள் ஆகின்றன. தயிர்சாதம் இல்லாமல் சென்னை வெயிலைக் கடப்பதுதான் எனக்குப் பெருங்கவலையாக இருந்தது. கெட்டியான தேங்காய்ப்பாலை இளஞ்சூடாக்கி, நான்கைந்து பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு இரவு முழுவதும் மூடி வைத்தேன். காலையில் மெல்லிய புளிப்பேறியிருந்த அதைக் குழைந்த சோற்றில் பிசைந்து, கடுகும் இஞ்சியும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, முதல் வாய் உண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாலைவிடச் சோயாவைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். மயிலாப்பூர்க் கடையொன்றில் ரொட்டிப் பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் படித்ததில், சோயா மாவோ, பெரும்பாலும் சோயாவிலிருந்தே எடுக்கப்படும் லெசித்தின் என்ற சேர்பொருளைக் குறிக்கும் 322 என்ற எண்ணோ இல்லாத ஒன்றுகூட அகப்படவில்லை. நெய்யிலும் பாற்புரதம் சிறிதளவு தங்கக்கூடும் என்பதால், இட்லிப்பொடிக்கு இப்போது செக்கு நல்லெண்ணெய்தான். சுண்ணாம்புச்சத்துக்காக, 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் கொண்ட கேழ்வரகைத் தேங்காய்ப்பால் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கிறேன்.

பாலும் சோயாவும் சேர்க்காமல் ரொட்டி சுடும் அடுமனை தென்சென்னையில் இருந்தால், தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.