பழைய வீட்டில் செங்கல் கணப்பு: அடிவாங்கிய இடங்கள்

பழைய வீட்டில் கணப்பு, அதாவது சுவரோடு தீ மூட்டிக் குளிர்காயும் அடுப்பு, கட்ட முதலில் கொடுத்த வரைபடம் அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்தது. காரணம் எழுதித் தரவில்லை, கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது: முகப்பு இருக்கிறது, குறுக்குவெட்டு இல்லை. அஸ்திவாரத்தின் அடியிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை ஒரே வெட்டாகக் காட்டுங்கள். மரச்சட்டம் எங்கெல்லாம் பக்கத்தில் வருகிறதோ, அங்கெல்லாம் இடைவெளியை எண்ணால் குறியுங்கள். பரிசோதிப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

பழைய மரத்தரை இந்தப் பாரத்தைத் தாங்காது. செங்கல் கட்டு ஒரு கன மீட்டருக்கே 1,900 கிலோவை ஒட்டி வரும். தரையை வெட்டி, மண்ணிலிருந்து தனி அஸ்திவாரம் எழுப்ப வேண்டும்: குறைந்தது 12 இன்ச் கனத்தில் கான்கிரீட், கட்டுமானத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 6 இன்ச். குளிர்நாடாக இருந்தால் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே இறங்க வேண்டும். வீட்டின் பழைய அஸ்திவாரத்தோடு இதைப் பிணைத்துவிடாதீர்கள். அது எப்போதோ அமர்ந்து முடித்தது, புதியது இனிமேல்தான் அமரும். பிணைத்தால் விரிசல் நிச்சயம்.

அதிக நாள் தின்றது புகைபோக்கி. முன்பு ஸ்டவ்வுக்காகக் கட்டிய புகைபோக்கி ஒன்று சுவருக்குள் இருந்தது. அதையே பயன்படுத்திச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று கொத்தனார் அடித்துச் சொன்னார். கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கணப்பின் வாய் 36 இன்ச் அகலம், 30 இன்ச் உயரம் என்றால் 1,080 சதுர இன்ச். சதுரக் குழாய்க்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 108 சதுர இன்ச் வேண்டும். வட்டக் குழாய்க்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். பழைய குழாயின் உள்ளளவு ஏழுக்கு ஏழு, வெறும் 49. அதில் பற்றவைத்தால் புகை முழுவதும் கூடத்துக்குத்தான் வரும். ஒன்று வாயைச் சுருக்க வேண்டும், இல்லை புதுக் குழாய் ஏற்ற வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. யார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்.

அடுத்த சண்டை கலவையில். தீ எரியும் அறைக்கு ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) வாங்கி வைத்தாயிற்று, ஆனால் அதைச் சாதாரண சிமென்ட் கலவையில், கல்லுக்குக் கல் அரை இன்ச் இணைப்போடு கட்டி வைத்திருந்தார்கள். சூட்டில் அந்தக் கலவை பொடிந்து உதிர்ந்துவிடும். பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. வெப்பம் தாங்கும் கலவைதான் வேண்டும், இணைப்பு கால் இன்ச்சைத் தாண்டக்கூடாது. மேலே, தீ அறையிலிருந்து குழாய்க்குக் குறுகிப் போகும் புகையறையின் உட்சுவரையும், செங்கல் படிகளாகத் துருத்தி நிற்க விடாமல் பூசி வழவழப்பாக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள், அந்த இடத்தை யாரும் பார்ப்பதில்லை. கரி அப்புவது அந்தப் படிகளில்தான்.

மரத்துக்கு விடும் இடைவெளி: பக்கவாட்டில் 2 இன்ச், கணப்பின் பின்புறம் 4 இன்ச். இது காலியாகவே இருக்க வேண்டும். கலவை விழுந்து அடைத்தால் சூடு அதன் வழியே நேராக மரத்துக்குப் போகும். வருடக்கணக்கில் சூடேறிக் காய்ந்த மரம் சாதாரண மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். மூடுவதற்கு முன் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சோதனையில் சுவரை உடைக்கச் சொல்லாமல் காப்பாற்றியது அந்தப் படங்கள்தான். முன்தளத்துக்கு (வாய்க்கு முன்னால் தரையில் போடும் எரியாத தளம்) அடியில் கான்கிரீட் ஊற்ற வைத்த பலகையையும் கழற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் அதுவும் எரிபொருள்தான்.

முன்தளம், வாய் 6 சதுர அடியோ அதற்கு மேலோ இருந்தால், முன்னால் 20 இன்ச், பக்கங்களில் 12 இன்ச். கூரைக்கு மேல் புகைபோக்கி 3 அடி. 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரம். இவை சிக்கலில்லாமல் முடிந்தன.

கலவை காய ஒரு மாதம் விட்டு, சுள்ளி வைத்துச் சிறுசிறு தீயாகப் பழக்கினோம். அப்போதும் புகை திரும்பியது. ஜன்னலை ஒரு இன்ச் திறந்ததும் நின்றுவிட்டது. கோளாறு புகைபோக்கியில் இல்லை, புதுக் கதவு ஜன்னல்களால் வீடு இறுகிப்போய், சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. தீ அறைக்கு வெளிக்காற்று வரத் தனிக் குழாய் வைத்தபின், ஜன்னலை மூடியே எரிக்க முடிகிறது.