காண்டெசாவின் பின் அச்சு: சேலம் பட்டறை நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

டிராக் ரேஸுக்கு (நேர்க்கோட்டு வேகப் பந்தயம்) மாற்றிய காண்டெசா, பழைய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கார். பின்னால் ஃபோர்டின் 8.8 அங்குல அச்சு (கிரவுன் பல்சக்கரத்தின் விட்டம்), பிளேட் வகை லிமிடெட் ஸ்லிப். அதாவது, இரு பின்சக்கரங்களை வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலில், ஒன்று மட்டும் வீணாகச் சுழலாதபடி உரசிப் பிடிக்கும் பிளேட்டுகள் உண்டு. பர்ன்அவுட்டில் (டயரை வேண்டுமென்றே சுழற்றிச் சூடாக்கும்போது) இரண்டு கருப்புக் கோடு விழ வேண்டும். வலப்பக்கம் மட்டும்தான் விழுகிறது. முதல் 60 அடிக்கு 1.9 வினாடி எடுத்த வண்டி இப்போது 2.2 எடுக்கிறது. புறப்படும்போது மூக்கு வலப்பக்கம் ஒதுங்குகிறது.

வலது சக்கரம்தான் சுழலும் என்பதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் விசையைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் திருகும் விசை முழு அச்சையும் திருகப் பார்க்கும். இடது டயரைத் தரையில் அழுத்தி வலதைத் தூக்கும். நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம் உட்கார்வதால் அந்த எடை கொஞ்சம் ஈடுகட்டும், முழுதாக அல்ல. பிளேட் நன்றாக இருந்தால் பாரம் குறைந்த சக்கரத்தைத் தனியாகச் சுழல விடாது. அதனால் பிளேட் தேய்ந்தால் முதலில் வலது டயர்தான் காட்டிக்கொடுக்கும்.

மார்ச் 5, புதன்

டிஃபரன்ஷியல் இருக்கும் கிரவுன் கூட்டைத் திறக்கும் முன் அளவு எடுக்க வேண்டும். இரு பின்சக்கரத்தையும் தூக்கி ஒன்றைக் கையால் சுற்றி, மற்றது அதே திசையில் சுற்றினால் 'பிளேட் நல்லது' என்று சொல்கிறார்கள். அதை நம்பக் கூடாது. பாதி தேய்ந்த பிளேட்டும் கை பலத்துக்கு அப்படித்தான் சுற்றும்.

சரியான முறை: முன்சக்கரங்களுக்குக் கட்டை, கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுவித்து, ஒரு பின்சக்கரம் தரையில். மற்றதை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கர போல்ட்டுகளில் மாட்டும்படி 12 மி.மீ. இரும்புத் தகட்டில் நடுவே நட் வெல்டு செய்து லேத்தில் ஒரு அடாப்டர் செய்தாயிற்று. அதில் டார்க் ரென்ச் (திருகு விசையை அளக்கும் ஸ்பேனர்) போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். முதல் அசைவில் முள் எகிறும். அதை விட்டுவிட்டு, தொடர்ந்து சுற்றும்போது நிற்கும் அளவைப் படிக்க வேண்டும். இந்த அச்சுக்குக் குறைந்தபட்சம் 27 நியூட்டன் மீட்டர் (20 அடி-பவுண்டு).

வலப்பக்கம் 12. இடப்பக்கம் 31.

இந்த 31-ஐப் பார்த்து ஏமாறக் கூடாது. எந்தப் பக்கம் அளந்தாலும் அதே இரண்டு பிளேட் கட்டுகளைத்தான் சுற்றுகிறோம். அளவு ஏறக்குறைய ஒன்றாகவே வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு டிஃபரன்ஷியலுக்கு வெளியே. இடப்பக்க பிரேக் உரசுவதாகத் தெரிந்தது. தளர்த்திவிட்டு அளந்தால் 14.

மார்ச் 7, வெள்ளி

கவரைக் கழற்றி ஆயிலை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தோம். கருகிய வாடை, கரும்பழுப்பு நிறம். காந்தத்தில் சாம்பல் நிற மாவு மட்டும், அது இயல்பு. பளபளக்கும் சில்லு வந்திருந்தால் பல் உடைந்திருக்கும், கதையே வேறு. கிரவுன் பினியன் பேக்லாஷ் (பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி) 0.30 மி.மீ., வரம்பு 0.20 முதல் 0.38 வரை. அதைத் தொட வேண்டியதில்லை. பிளேட் மாற்ற கேரியரை (கியர்களும் பிளேட்டுகளும் உள்ள உட்கூடு) வெளியே எடுக்கவும் தேவையில்லை.

சின்ன கியர்களைத் தாங்கும் குறுக்கு பின்னைப் பிடிக்கும் லாக் போல்ட்டை அவசரப்பட்டுத் திருகக் கூடாது. உள்ளே உடைந்தால் ஒரு நாள் வேலை போய்விடும். பின்னை எடுத்து, ஆக்ஸிலை உள்ளே தள்ளி, அதைப் பிடித்திருக்கும் சி கிளிப்பை எடுக்க வேண்டும். அடுத்து பிளேட்டுகளை அழுத்தி வைக்கும், நடுவிலுள்ள எஸ் ஸ்பிரிங். தட்டும்போது தெறித்துப் பாயும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், நேர் எதிரே முகம் இருக்கக் கூடாது. சின்ன கியர்களைச் சுற்றி கேரியரின் ஜன்னல் வழியே எடுத்தபின் பிளேட் கட்டு கியரோடு வரும். இடது வலது கலக்காமல், ஷிம்மோடு (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) தனித்தனியே வைத்தோம்.

ஸ்டீல் பிளேட்டில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பு. ஃப்ரிக்ஷன் பிளேட் கண்ணாடிபோல் வழவழப்பு. மைக்ரோமீட்டரில் புதிய கட்டைவிட இடப்பக்கம் 0.30 மி.மீ., வலப்பக்கம் 0.35 மி.மீ. குறைவு. கட்டு மெலிந்தால் ஸ்பிரிங் விரிந்து, அதன் அழுத்தம் விழும். ஓடும்போது கியர் பற்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையும் பிளேட்டை அழுத்துவதால் சாதாரண ஓட்டத்தில் குறை தெரியாது. டயர் பிடிப்பு விடும் அந்த முதல் நொடியில்தான் தெரியும்.

மார்ச் 8, சனி

சூடு எங்கிருந்து வந்தது? இதைக் கேட்காமல் புது பிளேட் போடுவது காசைக் கொட்டுவது. இரு டயரிலும் ஒரே காற்று வைத்து, சாக்பீஸ் குறியிட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி டேப்பால் அளந்தோம். இடது 2032 மி.மீ., வலது 2007. நேர் ரோட்டிலேயே இரு சக்கரங்களுக்கும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 சுற்று வித்தியாசம்; பிளேட்டுகள் உரசிக்கொண்டே இருந்திருக்கின்றன. டயர்களைச் சோடி சேர்க்காமல் மாட்டியதே காரணம். இனி வித்தியாசம் 6 மி.மீ.க்குள் இருந்தால்தான் மாட்டுவது.

மார்ச் 13, வியாழன்

புது பிளேட்டுகள் ஃப்ரிக்ஷன் மாடிஃபையரில் (உரசலைச் சீராக்க ஆயிலில் கலக்கும் திரவம்) அரை மணி நேரம் ஊறின. மொத்த மாடிஃபையர் 118 மி.லி.; ஊறியது போக மீதியைக் கிரவுன் ஆயிலோடு ஊற்றினோம். இதை விட்டால் புது பிளேட்டும் மெதுவான திருப்பத்தில் கடகடவென்று நடுங்கும். அதைத் தேய்மானம் என்று நினைத்து மறுபடி பிரிப்பவர்கள் உண்டு. லாக் போல்ட்டுக்குத் தளராமலிருக்கத் திரெட் லாக்கர் பசை போட்டாயிற்று. டார்க் ரென்ச் அளவு: வலது 92, இடது 90.

மார்ச் 16, ஞாயிறு

நடுக்கம் இருக்கிறதா என்று ஏற்காடு மலையில் ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார் வண்டிக்காரர். வேண்டாம் என்றோம். 20 கொண்டை ஊசி வளைவும் உள்சக்கரம் வெளிச்சக்கரம் வேறு வேகத்தில் சுற்ற வைத்து, புது பிளேட் படியும் முன்பே சூடாக்கும். வெற்று மைதானத்தில் எட்டுப் போட்டு, நடை வேகத்தில் பத்து முறை; பத்து நிமிடம் ஆற விட்டு மறுபடி பத்து. சத்தம் இல்லை. ஆறியபின் அளவு: வலது 81, இடது 80. படிந்தபின் குறைவது இயல்பு. அடுத்த அளவு பத்து ஓட்டம் முடிந்ததும். அதற்கு முன் டயர் சுற்றளவு.