மீட்டெடுக்கப்போவது யார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும், அதைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்திலும் சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பேக்கப், அதாவது கோப்புகளுக்கு மாற்று நகல் எடுத்து வைப்பது, என்று பேச்சை எடுத்தாலே, "விண்டோஸ்லயே இருக்கே அண்ணா, எதுக்குக் காசு கொடுத்து வேற வாங்கணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

விண்டோஸ் 8 காலத்திலிருந்து வரும் ஃபைல் ஹிஸ்டரி என்ற வசதியை நான் மனமாரப் பாராட்டுவேன். மணிக்கொரு முறை, மாறிய கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வைக்கும். அந்த டிஸ்க்கை வேறெந்த விண்டோஸ் கணினியில் செருகினாலும், பெயரோடு தேதியும் நேரமும் ஒட்டிய சாதாரணக் கோப்புகளாகவே திறக்கும். தனி மென்பொருள் தேவையில்லை. ஆனால் அது பார்ப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்ற சில இடங்களை மட்டும்தான். பல கணக்கு மென்பொருள்கள் தரவை சி டிரைவில் தங்களுக்கென ஒரு ஃபோல்டரில் வைக்கின்றன. நாமாகச் சேர்க்காவிட்டால் அது நகலில் வராது. வரிக் கணக்கு ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது சார்ஸ் (இங்குள்ள வரித்துறை). அவை இருப்பதோ அந்த ஃபோல்டரில்.

முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்க, விண்டோஸோடு வரும் கருவியை நான் நம்புவதில்லை. அதை இனி மேம்படுத்தப்போவதில்லை, பிற நிறுவனக் கருவிகளை நாடுங்கள் என்று மைக்ரோசாஃப்டே 2017-இல் சொல்லிவிட்டது. வெளிக் கருவிகளிலும் சிக்கல் உண்டு. பலர் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கு 2024 ஜனவரி 1-உடன் ஆதரவு நின்றது. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் தங்களுக்கே உரிய வடிவில் சேமிப்பதால், கருவி கையில் இல்லையென்றால் நகல் இருந்தும் பயனில்லை. அதனால் மீட்பு யூஎஸ்பி ஒன்று தயாரித்து, அதிலிருந்து கணினி பூட் ஆகிறதா, அதாவது இயங்கத் தொடங்குகிறதா, என்று பார்த்த பிறகே வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

அன்றாடக் கோப்புகளுக்கு விண்டோஸ், வாரமொரு முறை முழு டிஸ்க்குக்கு வெளிக் கருவி என்று இரண்டையுமே வைக்கச் சொல்கிறேன். வாரநகல் எடுத்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது பாயும் மின்னழுத்தமும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் செருகியிருக்கும் டிஸ்க்கை விட்டுவைப்பதில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. கணினிக்குப் பக்கத்திலேயே இருக்கும் நகல் கணினியோடேயே போகும். ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும்.

எந்தக் கருவியானாலும், காசு கட்டும் முன் சோதனைப் பதிப்பைப் போட்டு, கணக்கு எழுதும் ஆன்ட்டியையே உட்கார வைத்து, "நேத்து இருந்த இன்வாய்ஸை எடுத்துக் காட்டுங்க ஆன்ட்டி" என்பேன். மவுஸை நான் தொடமாட்டேன். அவரால் எடுக்க முடியவில்லையென்றால் அந்தக் கருவியை வாங்கச் சொல்வதில்லை.