வேலை நாளில் வீட்டு விலை பேசுவது

பெங்களூரில் வீட்டுப் பேரம் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை. அல்சூரில் வாடகைக்கு இருக்கும் நாங்கள் காடுகோடி அருகே ஓர் அடுக்ககத்தில் பழைய வீடு ஒன்றைப் பேசி வருகிறோம். தரகர் அழைக்கும்போது நான் அலுவலகக் கூட்டத்தில் இருப்பேன், அல்லது கணவர் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மெட்ரோவில் திரும்பிக்கொண்டிருப்பார். இதற்கிடையே மகளை நடன வகுப்பிலிருந்து அழைத்து வர வேண்டும், இரவுச் சமையலும் இருக்கிறது. அலைச்சலை இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். விலை பேசுவதை மட்டும் பங்கிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இருக்கிறது. ஒரு பிற்பகலில் தரகர் என்னிடம், "சார் ஒத்துக்கிட்டார் மேடம், டோக்கன் மட்டும் போட்டுடுங்க" என்றார். சற்று நேரத்தில் கணவரை அழைத்து, "மேடம் சரின்னுட்டாங்க சார்" என்றிருக்கிறார். நாங்கள் இருவருமே ஒத்துக்கொண்டிருக்கவில்லை. வேலை நெருக்கடியில் இருப்பவர் பேச்சை எப்படியாவது முடித்துவிட விரும்புவார் என்பதைத் தெரிந்தே இப்படிப் பேசுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் விலைப் பேச்சு இரவு எட்டரைக்கு மேல், ஸ்பீக்கரில், இருவரும் இருக்கும்போது மட்டும் என்று வைத்துக்கொண்டோம். கணவர் பேசுவார், நான் குறித்துக்கொள்வேன். எங்கள் உச்ச விலையை அதற்கு முன்பே தாளில் எழுதிவிட்டோம். கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட விலைக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம்; அதன் மேல் செஸ்ஸும் கூடுதல் வரியும் சேர்ந்தால் 5.6 ஆகிறது. பதிவுக் கட்டணமும் 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து 2 சதவீதமாக உயர்ந்துவிட்டது. 90 லட்சம் என்று பேசி முடித்தால் இவற்றுக்கு மட்டும் 6.84 லட்சம் வேண்டும். வங்கி அதிகபட்சம் விலையில் 80 சதவீதம் கடன் தரும், பதிவுச் செலவை அதில் சேர்க்காது. ஆகவே கையிலிருந்து போடவேண்டியது 25 லட்சத்தை நெருங்குகிறது. வீடு பிடித்திருக்கிறதா என்ற கேள்வியைவிட இந்தத் தொகைதான் எங்களை நிதானமாகப் பேசவைத்தது.

ஆவணங்களை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டோம். இ-காத்தா (உள்ளாட்சி அமைப்பின் மின்வடிவச் சொத்துப் பதிவு), சொத்துவரி ரசீது, குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்பு நிலுவை ஆகியவை கணவர் பொறுப்பு. தாய்ப்பத்திரமும், கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்றும் என் பொறுப்பு. மதிய உணவு இடைவேளையில் அந்தச் சான்றைப் படித்தபோது, விற்பவர் வங்கியில் வைத்த அடமானம் இன்னும் நீக்கப்படவில்லை என்று தெரிந்தது. இது குற்றமல்ல, பலருடைய வீடும் கடனில்தான் இருக்கிறது. ஆனால் மூலப் பத்திரங்கள் வங்கியில் இருக்கும்வரை பெருந்தொகையை விற்பவர் கையில் கொடுப்பது சரியல்ல. எனவே விலையை மேலும் குறைக்கக் கேட்பதை விட்டுவிட்டு, பணம் போகும் வழியைப் பேசினோம்: எங்கள் தொகையில் முதல் பகுதி நேராக அவருடைய கடன் கணக்கிற்குப் போகும், வங்கி அடமானத்தை நீக்கி, பத்திரங்களைத் திருப்பித் தந்த பிறகே மீதி. 50 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட விலை என்பதால் 1 சதவீத வருமான வரியைப் (டிடிஎஸ்) பிடித்தம் செய்துதான் தருவோம் என்பதையும் அன்றே சொல்லிவிட்டோம். பதிவு நாளன்று சொன்னால் வீண் வாக்குவாதம் வரும்.

விற்பவர் ஒரு நாள் யோசித்துச் சம்மதித்தார். இந்த நிபந்தனைகள் எழுத்தில் இடம்பெற்ற ஒப்பந்த வரைவு இப்போது எங்கள் வழக்கறிஞரிடம் இருக்கிறது. அவர் பார்த்து முடித்த பிறகே முன்பணம் தருவோம்.