மட்டக்களப்பு ஆரையம்பதிக் கடைக் குறிப்புகள், 2021

ஓகஸ்ட் 2, திங்கள்

அரச உத்தியோகத்தர் எல்லாரும் இன்று முதல் வழமைபோலக் கந்தோருக்குப் போகவேண்டும். காலையில் கடைக்கு முன்னால் போன பஸ்களில் ஆட்கள் மிதிபலகை வரைக்கும் நின்றார்கள். யூன் மாதம் கொழும்பு தெமட்டகொடையில் கொவிட் கிருமியின் புது வகையான டெல்டா வந்திருக்கிறது என்று செய்தியில் சொன்னபோது அது தூரத்துக் கதையாக இருந்தது. இப்போது காத்தான்குடியில் ஒருவர், களுவாஞ்சிகுடியில் ஒரு குடும்பம் என்று நாளுக்கு நாள் கிட்ட வருகிறது.

மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். வந்தாறுமூலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே போனில் பாடம். இரவு கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எனக்கு எழுதிக் காட்டினாள். போன வருஷம் வந்த கிருமி, ஒரு பாதுகாப்பும் இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து சராசரியாக இரண்டு மூன்று பேருக்குப் போகும். டெல்டா 5 பேருக்கோ அதற்கு மேலோ போகும். இரண்டரை என்று வைத்தால் மூன்றாம் சுற்றில் 15, 16 பேர். ஐந்து என்று வைத்தால் 125 பேர். கடனுக்குச் சாமான் கொடுத்து வட்டிக்கணக்குப் பார்த்தவளுக்கு இது விளங்கப் பெரிய படிப்பு வேண்டாம். போன வருஷக் கவனம் இந்த வருஷத்துக்குக் காணாது.

ஓகஸ்ட் 5, வியாழன்

கடையில் எனக்கும் ஆட்களுக்கும் நடுவில் தொங்கும் பொலித்தீன் விரிப்பை இன்று கழற்றினோம். போன வருஷம் எல்லாக் கடையிலும் தொங்கவிடச் சொன்னார்கள். தும்மலில் பறக்கும் பெரிய துளியை அது தடுக்கும், சரிதான். ஆனால் மூச்சிலும் பேச்சிலும் வருகிற மிக நுண்ணிய துளிகள் காற்றிலேயே மிதக்கும், யன்னல் திறக்காத அறையில் நெடுநேரம் நிற்கும் என்று இப்போது உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

மகள் சாமி அறையிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கொண்டுவந்து, ஆட்கள் நிற்கும் இடத்தில் பிடித்தாள். "அம்மா, புகை எங்க போகுதெண்டு பாருங்க." புகை விரிப்பின் கீழால் நுழைந்து என் கதிரைப் பக்கம் வந்தது. வந்தது போகவேயில்லை. பின்னால் அரிசி மூடைகள், பக்கத்தில் அலுமாரி, முன்னால் பொலித்தீன். நான் நாள் முழுக்க இருக்கும் மூலையில் அது சுற்றிச் சுற்றி நின்றது. அந்தப் புகையைப் போலத்தான் ஆட்களின் மூச்சும் என்றாள்.

விரிப்பைக் கழற்றி, மூடைகளை மற்றச் சுவர்ப் பக்கம் தள்ளி, அடைத்துக் கிடந்த மேற்கு யன்னலைத் திறந்தோம். அது அடைத்துக் கிடந்ததற்குக் காரணம் கச்சான் காற்று. இந்த மாதங்களில் மத்தியானம் நெருப்பாக வீசும், மாவிலும் சீனியிலும் மண் படியும். மூடியுள்ள வாளிகள் வாங்கி மாவையும் சீனியையும் அதற்குள் போட்டாயிற்று. மண் வந்தால் துடைக்கலாம். மறுபடி ஊதுபத்தி பிடித்தபோது புகை நேரே வாசலால் வெளியேறியது.

ஓகஸ்ட் 8, ஞாயிறு

ஆடி அமாவாசை. அப்பா போன பிறகு அம்மா மாமாங்கக் கோயில் தீர்த்தத்தைத் தவறவிட்டதில்லை. இந்தமுறை போகவில்லை. அவருக்கு நீரிழிவு, சைனோபாம் தடுப்பூசியில் முதல் ஊசிதான் போட்டிருக்கிறது. இரண்டாவது ஊசி போட்டு இரண்டு கிழமை ஆனால்தான் உடம்பு தயாராகும். முற்றத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். நாள் முழுக்கப் பெரிதாகப் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

ஓகஸ்ட் 12, வியாழன்

இரண்டாவது ஊசிக்கு அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் வந்தேன். வரிசை மண்டபத்துக்குள். கதிரைகள் தள்ளித்தான் போட்டிருந்தார்கள், யன்னல்கள்தான் பாதி மூடி. நானே எழும்பிப் போய்த் திறந்துவிட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் கேட்டுக்கொண்டு நிற்காமல் செய்துவிடுவது நல்லது.

முகக்கவசம் பற்றி. சனம் போடாமல் வருவதில்லை, அது பெரிய காரியம். எல்லாரும் கதைக்கிற நேரத்தில்தான் கீழே இறக்குகிறார்கள். "தங்கச்சி, பருப்பு அரைக்கிலோ" என்று சொல்வதற்கு முன் ஒரு விரலால் நாடிக்கு இழுத்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார்கள். சும்மா மூச்சு விடுவதைவிடக் கதைக்கும்போது கூடத் துளி வரும், சத்தமாகக் கதைத்தால் இன்னும் கூட. இன்று முதல் சாமான் பட்டியலைத் துண்டில் எழுதி வாங்கோ, இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் அனுப்புங்கோ என்று சொல்லியிருக்கிறேன். எழுதத் தெரியாத கிழவிகளுக்கு நானே வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று கேட்டு எழுதுகிறேன்.

நீலக் கவசம் பலருக்குக் கன்னத்தின் இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். காதில் மாட்டும் நாடாவை, கவசத்தோடு சேரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, பக்கத்து மடிப்பை உள்ளே தள்ளிவிட்டால் முகத்தோடு ஒட்டும். அதற்கு மேலே துணிக் கவசம் ஒன்றைப் போட்டால் இன்னும் இறுக்கம். மூக்குக் கம்பியை அமுக்கிய பிறகும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். கடையில் நிற்கும் பொடியனுக்கும் எனக்கும் பாமசியில் கே.என். 95 கவசம் வாங்கியிருக்கிறேன். அவனுக்கு முடிச்சுப் போட்டுக் காட்டியதில் இருந்து, வருகிற ஆட்களுக்கெல்லாம் அவன் காட்டிக் கொடுக்கிறான்.

ஓகஸ்ட் 17, செவ்வாய்

பால்மா வந்தது. சொல்லி வைத்தது போல ஒழுங்கை முழுக்கச் சனம். மடியில் பிள்ளையோடு நிற்கிற தாய்மாரிடம் தள்ளி நில்லுங்கோ என்று எத்தனை தரம்தான் சொல்வது? பொருள் கிடைக்காத நாட்டில் இடைவெளி விடு என்பது சொல்லுக்குத்தான் லேசு. கடைசியில், வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்களின் பெயரை எழுதி எடுத்துவிட்டு எல்லாரையும் போகச் சொன்னேன். பின்னேரம் பொடியன் சைக்கிளில் கொண்டுபோய்ப் படலையில் கொடுத்தான். சிலருக்குக் கோபம். அது ஆறும்.

15 நிமிஷம் கிட்ட நின்றால்தான் தொற்றும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். யூனில் சிட்னியில் ஒரு கடைத்தொகுதியில் பக்கத்தால் கடந்து போனவருக்கே டெல்டா தொற்றியதாக அந்த ஊர் சுகாதாரப் பகுதி சொன்னது. நேரத்தை எண்ணிக்கொண்டு நிற்பதில் பயனில்லை. வாங்கினால் புறப்பட வேண்டும்.

ஓகஸ்ட் 20, வெள்ளி

இன்று இரவு 10 மணியிலிருந்து நாடு முழுவதும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. மத்தியானம் அறிவித்ததும் ஊர் முழுக்கக் கடைகளுக்கு ஓடியது. நான் உள்ளே யாரையும் விடாமல் வாசலில் மேசை போட்டுக் கொடுத்தேன். வீடுவீடாகக் கொண்டுபோகப் பிரதேச செயலகத்தில் அனுமதி கேட்டிருக்கிறது.

காசுத் தாளுக்குச் சனிடைசர் அடிப்பதை நிறுத்திவிட்டேன். தொட்ட பொருளால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஏப்ரலிலேயே கணக்குச் சொன்னது, பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. கை கழுவுவதை விடவில்லை. வாசலில் வாளியும் சவர்க்காரமும் அப்படியே இருக்கின்றன. தாளைத் துடைக்கும் நேரத்தில் யன்னலைப் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

ஓகஸ்ட் 25, புதன்

தங்கச்சியின் மகனுக்கு நேற்று இரவு தலையிடி, மூக்கால் தண்ணீர். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறியில் போய்வருகிறவன்.

"ஒண்டுமில்ல பெரியம்மா, தடிமல்தான் பிடிச்சிரிக்கி."

இந்தச் சொல்லைத்தான் ஊர் முழுக்கக் கேட்கிறேன். முதல் வந்த கிருமியில் மணம் சுவை போவதைப் பார்த்து ஆட்கள் உஷாரானார்கள். டெல்டாவில் பலருக்குத் தலையிடி, தொண்டை நோ, மூக்கு ஒழுகல். பார்த்தால் அசல் தடிமல். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். கொத்தமல்லி தொண்டைக்கு இதம், நானும் குடிப்பேன். அது பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாமல் தடுக்காது. நோய்க்குறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே கிருமி வெளியே வரும் என்பதால், தடிமல் தெரிந்த அன்றே வீட்டோடு இருந்தால்தான் கொஞ்சமாவது மிஞ்சும்.

எங்களுடையது ஒரே வளவு. அம்மாவும் நாங்களும் முன் வீட்டில், தங்கச்சி குடும்பம் பின் வீட்டில், கிணறும் கக்கூசும் நடுவில். வளவின் கிழக்கு ஓரத்தில் நெல் மூடை வைக்கும் அறை இருக்கிறது. பொழுது படுமுன் அதைக் காலிசெய்து அவனுக்குக் கட்டில் போட்டோம். மேற்கே இருந்து வீசும் கச்சான் அந்த அறைக் காற்றைக் கடல் பக்கம் கொண்டுபோகும், வீட்டுப் பக்கம் வராது. அவனுடைய வீட்டுப்பக்க யன்னலைச் சாத்தி, கடல்பக்க யன்னலில் மின்விசிறியை வெளியே பார்க்க வைத்தோம். சாப்பாடு வாசல் முக்காலியில். தங்கச்சி வைத்துவிட்டுத் தள்ளிப்போன பிறகு அவன் எடுப்பான். கக்கூசுக்கு அவன் போனால் கதவையும் யன்னலையும் திறந்துவிட்டு, நன்றாகக் காற்றாடிய பிறகுதான் மற்றவர்கள். அம்மா இனி முன் விறாந்தையில். பேரனைப் போனில் பார்த்துக்கொள்வார்.

ஓகஸ்ட் 27, வெள்ளி

தொற்று உறுதி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) ஐயா வந்து படலையில் அறிவித்தல் ஒட்டினார். 14 நாள் எல்லாரும் உள்ளே, கடை பூட்டு.

இந்தத் தாளுக்குப் பயந்துதான் ஆட்கள் நோயை ஒளிக்கிறார்கள். கடை போகும், பேர் போகும் என்ற பயம். எனக்கும் வியாபாரம் போகிறது, பழுதாகிற சாமான் இருக்கிறது. ஆனால் மூன்றாம் சுற்றில் 125 பேர் என்ற கணக்கு கொப்பியில் கிடக்கிறது. வட்ஸ்அப்பில் எல்லா வாடிக்கையாளருக்கும் நானே எழுதினேன்: எங்கள் வளவில் கொவிட், தங்கச்சியின் மகன் கடைப்பக்கம் வரவில்லை, ஆனாலும் உங்களுக்குத் தடிமலோ காய்ச்சலோ என்றால் வீட்டோடு இருங்கோ, பீ.எச்.ஐ.க்குச் சொல்லுங்கோ. ஒரு மணித்தியாலத்தில் பதில் வரத் தொடங்கியது. இரண்டு வீட்டார் தங்களுக்கும் இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார்கள். பின்னேரம் காத்தான்குடி மொத்த வியாபாரி காக்கா ஒரு பை தோடம்பழமும் பாணும் படலையில் தொங்கவிட்டுப் போயிருந்தார். அவருடைய உம்மா இந்த மாத முதற் பகுதியில்தான் கொவிட்டில் மௌத்தானார். கொவிட்டில் இறந்தவர்களை அடக்கும் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம். எங்களில் ஒருவராலும் அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அவர் எங்களுக்குப் பாண் கொண்டுவந்திருக்கிறார்.

ஓகஸ்ட் 31, செவ்வாய்

விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி ஒழுங்கையில் ஒன்றுதான். வீடுவீடாகக் கைமாறுகிறது, ஒவ்வொரு தரமும் துடைத்து. 95க்கு மேல் என்றால் சரி. 94க்குக் கீழே இறங்கினால் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது, 1990க்கு எடுத்து அம்புலன்ஸ் கேட்க வேண்டும். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் பிழையாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, கொஞ்சம் அமர்ந்திருந்து, எண் நிலையாக நின்ற பிறகுதான் எழுதவேண்டும். தங்கச்சியின் மகன் 97, 96 என்று இருக்கிறான். காய்ச்சலுக்குப் பனடோல், நிறையத் தண்ணீர். முதற் கிழமை முடிகிற நேரந்தான் ஆபத்து என்பதால் இரவிலும் எழுப்பிப் பார்க்கிறோம்.

செப்டெம்பர் 4, சனி

எதிர் ஒழுங்கை மாமா போய்விட்டார். தடிமல் என்றுதான் இருந்தாராம். மூச்சு வாங்கவில்லை, நன்றாகத்தான் கதைத்தார், மானி வைத்தபோது 82. இந்த நோயில் மூச்சுத் திணறல் தெரிவதற்கு முன்பே ஒட்சிசன் இறங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய் ஓர் இரவுதான். உடல் வீட்டுக்கு வரவில்லை. மாமி படலைக்குள் நின்று அழ, நாங்கள் எங்கள் படலைக்குள் நின்று அழுதோம்.

அவருக்கு ஊசி போடவில்லை. இதை எழுதுவது அவரைக் குறை சொல்ல அல்ல. இந்த ஒழுங்கையில் இன்னும் போடாதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இதை வாசிக்கவேண்டும்.

செப்டெம்பர் 13, திங்கள்

அறிவித்தலை எடுத்துவிட்டார்கள். மகன் எழும்பிவிட்டான், படி ஏறினால் களைக்கிறது. வளவில் எல்லாருக்கும் பரிசோதித்தார்கள். தங்கச்சிக்கு மட்டும் வந்து லேசாகப் போயிருந்தது. அம்மாவுக்கு இல்லை. எது காப்பாற்றியது என்று ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஊசி, விறாந்தை, அந்தக் கிழக்கு அறை எல்லாம் சேர்ந்துதான்.

ஒக்டோபர் 1, வெள்ளி

காலை 4 மணியோடு ஊரடங்கு எடுத்தாயிற்று. தெருவில் பட்டாசு கொளுத்தாத குறை. கடைக்குள் இன்னும் ஆட்களை விடவில்லை, வாசல் மேசைதான். துண்டுப் பட்டியல் சனத்துக்குப் பழகிவிட்டது, மறந்து விடுபடுகிற சாமானும் குறைவு என்கிறார்கள்.

என் யோசனை எல்லாம் மாரியைப் பற்றி. கச்சான் நின்றுவிட்டது. அடுத்த மாதம் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் மட்டக்களப்பில் ஒரு வீட்டிலும் யன்னல் திறந்திருக்காது, எல்லாரும் ஒரே அறைக்குள். தகர வேலைக்காரரை வரச்சொல்லி அளவு எடுத்தாயிற்று. மேற்கு யன்னலுக்கும் அம்மாவின் அறைக்கும் மூன்று அடி நீளத்தில் தாழ்வாரம் இறக்கினால் சாரல் உள்ளே அடிக்காது, மழையிலும் திறந்து வைக்கலாம். தகர விலை ஏறிக்கிடக்கிறது. திங்கட்கிழமை வேலை தொடங்குகிறார்கள். மாமி வீட்டுக்கும் ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன்.