ஐம்பதில் ஒரு கோடு

ஜூன் 2

‘திரைப்பட இயக்குநர்களில் யார் பெரியவர்’ என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வைத்தாயிற்று. அதில் பதில் கிடைக்காது, சண்டைதான் கிடைக்கும். அட்டவணை போட்டால் உருப்படியாக ஏதாவது தேறும். ஐந்து பத்திகள் போதும்: படம், எடுத்து முடித்த ஆண்டு, திரைக்கு வந்த ஆண்டு, அப்போது இயக்குநரின் வயது, ஒளிப்பதிவாளர். மதிப்பெண்ணுக்குப் பத்தி கூடாது. இருந்தால் கண் அங்கேயேதான் போகும், மற்ற நான்கும் வீண்.

எடுத்த ஆண்டும் வந்த ஆண்டும் தனித்தனியே வேண்டும் என்பதற்கு வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் ஒருவரே போதும். ‘நாகரிக்’ 1952இல் எடுத்த படம். திரைக்கு வந்தது 1977இல், அவர் காலமான மறுவருடம். வெளியீட்டை மட்டும் பார்த்தால் அவர் 1958இல் ‘அஜாந்திரிக்’கோடு தொடங்குகிறார், 1955இல் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ வந்துவிட்டது, ஆகவே ராய் முன்னோடி, கட்டக் பின்னால் வந்தவர் என்று ஒரு வரலாறு தானாக உருவாகிவிடும். எடுத்த ஆண்டைப் போட்டால் வரிசை மாறிவிடுகிறது. ‘சுபர்ணரேகா’வும் இப்படித்தான்: 1962இல் முடிந்து 1965இல் வந்தது. ஜப்பானின் குரோசவா 1945இல் எடுத்த ‘புலியின் வாலை மிதித்தவர்கள்’ தடையில் மாட்டி 1952இல்தான் வெளியே வந்தது. 1950இன் ‘ராஷோமா’னுக்குப் பிறகு அந்தப் படமா என்று குழம்புகிறவர்கள் இந்த ஒரு பத்தியைப் பார்த்தால் தெளிந்துவிடுவார்கள்.

ஜூன் 3

எதுவும் வரவில்லை.

ஜூன் 5

ஒவ்வொருவரும் எடுத்த படங்களின் எண்ணிக்கை. ரஷ்யாவின் தார்க்கோவ்ஸ்கி 7. பிரான்சின் பிரெஸ்ஸோன் 13, அமெரிக்காவின் குப்ரிக் 13. குரோசவா 30. ராய் 36, ஆவணப்படங்களும் குறும்படங்களும் சேர்த்து. ஜப்பானின் ஓசு 54. அதே நாட்டு மிசோகுச்சி எண்பதைத் தாண்டுகிறார்.

ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வழக்கு இருக்கிறது. குப்ரிக் தன் முதல் படத்தைத் தானே புழக்கத்திலிருந்து விலக்கப் பார்த்தவர். அவர் கணக்கில் 12தான். ஸ்வீடனின் பெர்க்மன் எடுத்த ‘ஃபேனியும் அலெக்சாண்டரும்’ திரையரங்கில் 188 நிமிடம், தொலைக்காட்சியில் 312. எதை அட்டவணையில் ஏற்றுவது? போலந்தின் கீஸ்லோவ்ஸ்கி தொலைக்காட்சிக்குப் பத்துப் பகுதிகளாக எடுத்த ‘பத்துக் கட்டளைகள்’ ஒரு படமா, பத்துப் படமா? எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் விதியை வேலை தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். பிடித்த இயக்குநருக்கு ஒரு விதி, பிடிக்காதவருக்கு ஒரு விதி என்று நழுவுவது இந்த இடத்தில்தான்.

இதைவிடப் பெரிய தொல்லை தொலைந்த படங்கள். ஓசுவின் 54இல் மூன்றில் ஒரு பங்கு இல்லை. போனதில் பெரும்பகுதி மௌனப் படங்கள். மிசோகுச்சியில் மிஞ்சியது சுமார் 30. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டால் மக்கிப்போகும். அதோடு போர், பூகம்பம், பழைய பிரதிகளைக் குப்பையாக நினைத்த கம்பெனிகள். மிஞ்சியதை மட்டும் வரிசைப்படுத்தி ‘ஆரம்பகால மிசோகுச்சி’ என்று பேசுகிறோம். தீ எதை விட்டுவைத்ததோ அதுவே அவருடைய ஆரம்பகாலம் ஆகிவிட்டது. குப்ரிக்கின் பதின்மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு பேரையும் ‘சராசரித் தரம்’ பார்த்து ஒப்பிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

தொலைந்த படத்தின் வரியை அழிக்கக் கூடாது. பெயரும் ஆண்டும் போட்டு மீதியை வெற்றாக விட வேண்டும்.

ஜூன் 6, இரவு

தூக்கம் வராததால் ஒரு வேலை. எல்லாருடைய அட்டவணையிலும் ஐம்பது வயதில் ஒரு கோடு கிழித்தால் என்ன ஆகும்? ஐம்பதுக்கு முன் எடுத்தவை மேலே, பின் எடுத்தவை கீழே.

கட்டக்குக்குக் கோட்டுக்குக் கீழே எதுவுமே இல்லை. 1925 நவம்பரில் பிறந்து 1976 பிப்ரவரியில் முடிந்துவிட்டார். எட்டு முழுநீளப் படங்களும் கோட்டுக்கு மேலே.

பிரெஸ்ஸோன் நேர் எதிர். ஐம்பதில் அவரிடம் இருப்பது மூன்றே முழுநீளப் படங்கள். ‘தப்பி ஓடிய கைதி’ (1956), ‘பிக்பாக்கெட்’ (1959), கழுதையை நடுவில் வைத்து எடுத்த ‘பல்தஸார்’ (1966) எல்லாமே கீழே. கடைசிப் படம் வரும்போது வயது 81.

ஹிட்ச்காக்: 1899இல் பிறந்தவர். ‘ரியர் விண்டோ’, ‘வெர்டிகோ’, ‘சைக்கோ’, ‘பேர்ட்ஸ்’ நான்கும் கீழே. ஐம்பதில் நிறுத்தியிருந்தால் இன்று அவரை வேறு ஆளாகத்தான் பேசிக்கொண்டிருப்போம்.

குப்ரிக்: மேலே பத்து, கீழே மூன்று.

தார்க்கோவ்ஸ்கி: மேலே ஐந்து, கீழே இரண்டு. அந்த இரண்டும் வெளிநாட்டில் எடுத்தவை. 1982இல் ஐம்பது ஆகிறது, அதே ஆண்டு இத்தாலிக்குப் போகிறார். வயதுக் கோடும் நாட்டு எல்லையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஆகவே ‘நாஸ்டால்ஜியா’வின் தளர்ச்சி (எனக்கு அது தளர்ச்சிதான்) வயதாலா, ஊர் விட்டதாலா என்று இந்த அட்டவணையை வைத்துச் சொல்ல முடியாது.

குரோசவா: மேலே 18, கீழே 12.

ஓசு? நாளைக்கு.

ஜூன் 9

ஷாட்டின், அதாவது ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் உள்ள துண்டின், சராசரி நீளம். ஓட்டநேரத்தை வினாடியாக்கி ஷாட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. திரைப்பட ஆய்வாளர் பாரி சால்ட் 1970களில் இதைப் பிரபலப்படுத்தினார். பார்க்க எளிது, கைவைத்தால் நாலு இடத்தில் சறுக்கும்.

தலைப்பையும் முடிவுப் பெயர்ப்பட்டியலையும் கழிக்காவிட்டால் எண் ஊதிவிடும். முதல் பிம்பத்திலிருந்து கடைசிப் பிம்பம் வரை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு பிம்பம் கரைந்து அடுத்தது எழும் டிஸ்ஸால்வ் வந்தால் நடுவில் ஒரு வெட்டு என்று கணக்கு. எண்ணும்போது படத்தைப் ‘பார்க்க’ கூடாது. ஒலியை அணைத்துவிட்டு எண்ணுவது உத்தமம், கதை இழுத்தால் வெட்டு தப்பிவிடும்.

அடுத்தது வேகம். பழைய ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறை டிவிடியில் வினாடிக்கு 24 பிரேம் படம் 25இல் ஓடும். 100 நிமிடப் படம் 96 ஆகிவிடும். ஒருவர் படத்தை அந்த டிவிடியிலும் இன்னொருவர் படத்தைப் புளூரேயிலும் அளந்தால், முதலாமவர் நான்கு விழுக்காடு ‘வேகமான’ இயக்குநர் ஆகிவிடுகிறார். மௌனப் படங்களில் இன்னும் மோசம். 18 பிரேமில் ஓட வேண்டியதை 24இல் ஓட்டினால் எட்டு வினாடி ஷாட் ஆறு வினாடி. பிரதியில் எந்த வேகம் என்று குறிக்காத எண் எதற்கும் உதவாது.

சராசரி என்பதே ஏமாற்றுக்காரன். ஒன்பது ஷாட் நான்கு வினாடி, ஒரு ஷாட் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் சராசரி 21.6 வினாடி. படத்தில் 21 வினாடி ஷாட் ஒன்றுகூட இல்லை! இடைநிலை எண்ணை (நீளப்படி அடுக்கினால் நடுவில் நிற்பது) பார்த்தால் 4. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் இயக்குநரைப் பற்றி ஏதாவது சொல்லும். தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்க’ரில் 163 நிமிடத்துக்கு 142 ஷாட் என்பார்கள், சராசரி ஒரு நிமிடத்துக்கு மேல்.

ஜூன் 10

‘ரோப்’ (1948) படத்தை ஹிட்ச்காக்கின் சராசரியில் சேர்க்காதீர்கள். வேண்டுமென்றே மிக நீண்ட ஷாட்களாக எடுத்த படம் அது. கேமராவில் பிலிம் வைக்கும் ஆயிரம் அடி மேகசின் 11 நிமிடத்தில் தீர்ந்துபோகும், ஷாட்டின் உச்ச நீளம் அதுதான்.

ஜூன் 12

கிடைத்துவிட்டது.

இரண்டு இயக்குநரை ஒப்பிட வேண்டுமென்றால் மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி எங்கே இருக்கும் என்றுதான் இத்தனை நாள் கேள்வி. ஒளிப்பதிவாளர் பத்தியை மட்டும் வரிசைப்படுத்தினேன். மியாகவா கசுவோ: ‘ராஷோமான்’ (1950) குரோசவாவுக்கு, ‘உகெட்சு’ (1953) மிசோகுச்சிக்கு, ‘மிதக்கும் பாசிகள்’ (1959) ஓசுவுக்கு. மூன்றும் தாய்யெய் கம்பெனிப் படங்கள். மூன்றிலும் கியோ மச்சிகோ நடித்திருக்கிறார். ஒரே கேமராக்காரர், ஒரே கம்பெனி, ஒரே நடிகை, மூன்று இயக்குநர்கள். வேண்டுமென்று ஏற்பாடு செய்தாலும் இப்படி அமையாது.

மியாகவா அதே ஆள்தான். குரோசவாவிடம் காட்டுக்குள் கேமராவோடு ஓடுகிறார், கண்ணாடி வைத்துச் சூரிய ஒளியை இலைகளுக்குள் திருப்புகிறார், சூரியனையே நேராகப் படம்பிடிக்கிறார். நகர வாயில் காட்சியில் மழை தெரியவில்லை என்பதால் தண்ணீரில் கறுப்பு மை கலந்தார்கள். மிசோகுச்சியிடம் கேமரா பெரும்பாலும் கிரேன்மேல். விரித்துக்கொண்டே போகும் ஓவியச்சுருள் மாதிரி காட்சி நகர்ந்துகொண்டே இருக்கிறது, வெட்டு குறைவு. ஓசுவிடம் அதே கை அசையவே இல்லை. முதல் ஷாட்டில் தூரத்தில் வெள்ளைக் கலங்கரை விளக்கம், கிட்டே மணலில் ஒரு பாட்டில். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரமாகத் தெரியும்படி கேமராவைத் தரையோடு இறக்கியிருக்கிறார்கள். ஓசு படத்திலும் மழை உண்டு. கியோவும் நாயகனாக வரும் நாக்கமுராவும் தெருவின் இருபுறமும் நின்று திட்டிக்கொள்கிறார்கள், நடுவில் மழை. ஒருவரும் குறுக்கே வரமாட்டார்கள். குரோசவா என்றால் இறங்கி நனைந்திருப்பார்கள்.

மியாகவாவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் இயக்குநர் என்று ஒரு முதல் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். தமிழில் இதே சோதனைக்கு ‘முள்ளும் மலரும்’ (1978) இருக்கிறது. மகேந்திரன் இயக்கம், பாலு மகேந்திரா கேமரா. அதன் பக்கத்தில் பாலு மகேந்திராவே இயக்கி ஒளிப்பதிவு செய்த ‘அழியாத கோலங்கள்’ (1979). ஒரு வருட இடைவெளிதான்.

ஸ்வென் நிக்விஸ்ட் வழியாகப் போனால் அவ்வளவு சுத்தமாக வராது. பெர்க்மனின் கேமராக்காரர், ‘சாக்ரிஃபைஸ்’ (1986) தார்க்கோவ்ஸ்கிக்கு. ஆனால் எர்லண்ட் யோசெப்சன் என்ற பெர்க்மன் நடிகரும், ஸ்வீடன் தீவும் கூடவே வந்துவிடுகின்றன. எது யாருடையது என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அதில் ஒன்று மட்டும் நிச்சயம் தார்க்கோவ்ஸ்கி: வீடு எரியும் ஷாட்டில் கேமரா மக்கர் செய்ததும், வீட்டைத் திரும்பக் கட்டி, திரும்ப எரித்து, திரும்ப ஒரே ஷாட்டாக எடுத்தது.

ஜூன் 13

ஓசு இன்றும் இல்லை. ஒளிப்பதிவாளர் பத்தி இன்னும் கொஞ்சம்.

ராயின் ‘அபராஜிதோ’வில் (1956) காசி வீட்டு முற்றம் உண்மையில் ஸ்டுடியோ செட். மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்கைக் கீழிருந்து அதில் அடித்துத் திருப்பி, நிழலே விழாத மேகமூட்ட வெளிச்சத்தை வரவழைத்தவர் சுப்ரத மித்ரா. ‘ராயின் மென்மை’ என்று எழுதுகிறவர்கள் அதில் பாதியை அந்தத் துணிக்குக் கொடுக்க வேண்டும். ‘சாருலதா’விலிருந்து (1964) கேமராவை இயக்குவது ராயே, மித்ரா கடைசியாகச் சேர்ந்தது ‘நாயக்’ (1966). இந்த இரண்டு ஆண்டுகளிலும் ராயின் பட்டியலில் தடித்த கோடு போடலாம். ‘இடைக்கால ராய்’ என்பதைவிட இது துல்லியம்.

‘பாரி லிண்ட’னும் (1975) இதில்தான் சேரும். மெழுகுவத்தி வெளிச்சத்துக்காக ஸைஸ் லென்ஸ், துளை எஃப் 0.7, அதாவது மிக அகலம். குவியத்தின் ஆழம் விரற்கடை அளவு. நடிகர் முன்னால் சாய்ந்தால் முகம் மங்கிவிடும். ஆகவே அசையாமல் உட்கார்ந்தார்கள். அந்த அசையாமையைக் குப்ரிக்கின் ‘குளிர்ந்த பார்வை’ என்று மட்டும் சொன்னால் லென்ஸ் கோபித்துக்கொள்ளும்.

ஜூன் 16

ஐம்பதுக் கோடு, திரும்பவும். ஓசு 1903 டிசம்பர் 12இல் பிறந்தவர். ‘டோக்கியோ ஸ்டோரி’ வந்தது 1953 நவம்பரில். கோட்டைத் தொட ஒரு மாதம் மிச்சம். கீழே எட்டுப் படங்கள், அதில் ஆறு வண்ணம். அறுபதாவது பிறந்தநாளிலேயே இறந்துபோனார், எனவே பட்டியலும் அங்கே முடிகிறது.

‘ஓசுவின் கேமரா அசையாது’ என்பார்களே, அது பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே உள்ள ஓசு. 1932இல் ‘பிறந்தேன், ஆனால்…’ படத்தில் கொட்டாவி விடும் குமாஸ்தாக்களின் மேஜை வரிசை ஓரமாகக் கேமரா நகர்ந்து போகிறது. அசைவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வண்ணத்துக்கு வந்தபோது முழுதாக நிறுத்தினார். ஒரு ஆளின் கடைசிப் பத்தாண்டை எடுத்து மற்றொருவரின் முதல் பத்தாண்டோடு மோதவிட்டுவிட்டு ‘பாணி’ என்று பேசுகிறோம். எரிச்சலாக வருகிறது.

ஜூன் 18

குரோசவாவின் இடைவெளிகள். 1943இலிருந்து 1965 வரை 23 படம். அதன்பின் 1993 வரை ஏழு. கற்பனை வற்றியது என்று படித்தேன். பணம் வற்றியது. 1970இல் ‘தோதெஸ்காதென்’ ஓடவில்லை. அடுத்தது சோவியத் ஸ்டுடியோவான மோஸ்ஃபிலிமில் (1975), அதற்கடுத்தது அமெரிக்க இயக்குநர்கள் கொப்போலாவும் லூகாஸும் பின்னால் நின்றதால் (1980), ‘ரான்’ பிரெஞ்சுத் தயாரிப்பாளர் பணத்தில் (1985). இதே காலத்துப் பிரெஸ்ஸோனின் இடைவெளிகளையும் பணத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆறாவது பத்தி தேவை: தயாரித்தவர். ஓசு மூன்று படம் தவிர போருக்குப் பிந்தைய எல்லாவற்றையும் ஷோச்சிக்கு கம்பெனியிலேயே எடுத்தார். ஆண்டுக்கு ஒன்று என்ற ஒழுங்கு அங்கிருந்தே வருகிறது.

ஜூன் 19

தலைவலி. வயதுப் பத்தி முடிந்தது.

ஜூன் 20

ஒரே இயக்குநர், ஒரே கதை, இருபத்தைந்து வருட இடைவெளி. ஓசுவின் 1934 ‘மிதக்கும் பாசிகளின் கதை’ மௌனம், கறுப்பு வெள்ளை, ஷோச்சிக்கு, 86 நிமிடம். 1959இல் ஒலி, வண்ணம், தாய்யெய், 119 நிமிடம். நாடகக்குழுத் தலைவன், மறைத்துவைத்த மகன், பொறாமைப்படும் காதலி எல்லாம் அப்படியே. கூடுதல் 33 நிமிடம் எங்கே போனது? மௌனப் படத்தில் எழுத்து அட்டைகளுக்கும் நேரம் போகிறது, அதைத் தனியாக எண்ணிக் கழித்தால் உண்மையான வித்தியாசம் இன்னும் கூடும். இரண்டையும் காட்சி காட்சியாகப் பிரித்து, ஆளில்லாத ஷாட்களுக்கு மட்டும் தனிப் பத்தி போட வேண்டும். 1934 பிரதி எந்த வேகத்தில் மாற்றப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிட்டு