ரெண்டு நாள் கூலி

2021 ஏப்ரலில் 45 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் கொரோனா தடுப்பூசி என்று அறிவித்ததும், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போனோம். நான் கிராம சுகாதார செவிலியர். முதல் இரண்டு வாரம் சுமாராகக் கூட்டம் வந்தது. 15-ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்துபோனார். அப்புறம் எங்கள் ஐஸ் பெட்டியைக் கண்டாலே கதவு சாத்தினார்கள். அந்த மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று ஆய்வுக் குழு சொன்னது பல மாதம் கழித்துத்தான்.

கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து. திறந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், இல்லையென்றால் மீதி வீண். ஆறு பேர் காத்திருக்க, இன்னும் நாலு பேருக்காக லைன் லைனாக ஏறி இறங்குவேன்.

அப்படித்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் ஷீட்டில் பனி ஈரம். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். என் நோட்டில் 'பயம், மறுப்பு' என்று எழுதி வைத்திருந்தேன்.

"பயமா? சின்ன வயசுல நாய் கடிச்சு தொப்புளச் சுத்தி அத்தன ஊசி போட்டவ நான். ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தா கூலி யாரு சிஸ்டர் குடுப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. நாய்க்கடி ஊசிக்குப் பேர்போன பாஸ்டியர் நிறுவனம் 1907-லிருந்து குன்னூரில் இருக்கிற மாவட்டம் இது. ஊசி இவர்களுக்குப் புதிதில்லை. காய்ச்சல் வந்தால் எனக்கு லீவு உண்டு, சம்பளமும் உண்டு. அவருக்குப் பறித்தால்தான் காசு. இதைக் கேட்காமலே எத்தனை வீட்டு வாசலில் நின்று வதந்தியை நம்பாதீர்கள் என்று பாடம் நடத்தியிருக்கிறேன்! வதந்தியை நம்பியவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் என் நோட்டில் எல்லோருக்கும் ஒரே வார்த்தை.

மருத்துவரிடம் பேசி, முகாமைச் சனிக்கிழமை சாயங்காலம் கொழுந்து எடை போடும் இடத்துக்கே மாற்றினோம். காய்ச்சல் வந்தாலும் ஞாயிறோடு போகட்டும் என்று. அந்த அம்மா வந்தார். ஆனால் அவருக்குத் திங்களும் காய்ச்சல் விடவில்லை. ஒரு நாள் கூலி போயிற்று. மாத்திரை கொடுக்கப் போனபோது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஜூலைக் கடைசியில் இரண்டாம் டோஸ். ஒரு வாரம் முன்பே பேரனை அனுப்பிக் கேட்டார்: "இந்த வாட்டியும் சனிக்கிழமைதானே?"